குரல் மேலே தங்கிவிட்ட கோடை

அந்தக் கோடையில், யோத்தெபோரி நகரத்து ரோலர் கோஸ்டரில் ஏறியவர்கள் எல்லோரும் பத்திரமாகக் கீழே இறங்கி வந்தார்கள், அவர்களுடைய அலறல்கள் மட்டும் இறங்கி வரவில்லை. வாய் திறந்தது, தொண்டை நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் பெட்டி வளைந்து சரிந்து கீழே வந்து நிற்கும்வரை ஒரு சத்தமும் இல்லை, சில்லுகள் தண்டவாளத்தில் உரசுகிற சத்தத்தைத் தவிர. இறங்கியவர்கள் தலைமயிரைக் கோதிக்கொண்டு, ஏதோ மறந்துபோய் விட்டுவிட்டு வந்தவர்கள் மாதிரி ஒருமுறை மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, ஐஸ்கிரீம் வரிசையில் போய் நின்றார்கள்.

சுவீடன் நாட்டின் மேற்குக் கரையில், மழைக்குப் பேர்போன ஊர் அது. ஊருக்குள் ஒரு சின்ன ஆறு, ஆற்றை ஒட்டி ஒரு தெரு, அந்தத் தெருவில்தான் வெளியூர்க்காரர் பார்க்க வருகிற அத்தனையும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும்: ராட்டினமும் ரோலர் கோஸ்டரும் உள்ள கேளிக்கைப் பூங்கா, கண்ணாடிக் கூரைக்குள் மழைக்காடும் சுறாத் தொட்டியும் வைத்திருக்கிற அறிவியல் கூடம், உலகத்துச் சனங்களின் முகமூடிகளையும் மேளங்களையும் பெட்டிக்குள் அடைத்துவைத்திருக்கிற அருங்காட்சியகம், இந்த வாரம் படகு அடுத்த வாரம் குதிரை என்று பரப்பிவைக்கிற கண்காட்சி மண்டபம், அதற்கும் அப்பால் ஐஸ் ஹொக்கி அரங்கம். அந்த ஊர்ச் சனமோ டிராமில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வருகிற சனம், காலை மிதித்துவிட்டால் மிதிபட்டவரே மன்னிப்புக் கேட்கிற சனம். அவர்கள் வருடம் முழுக்கச் சேர்த்துவைத்த சத்தத்தை எல்லாம் கொண்டுபோய்க் கொட்டுகிற ஒரே இடம் அந்த ரோலர் கோஸ்டர்தான், அதனால்தானோ என்னவோ மேலே இடம் நிரம்பிவிட்டது என்று எங்கள் தமிழ்ச் சனம் கதைத்துக்கொண்டது. வேறு சிலர் தண்டவாளத்துக்குப் புது எண்ணெய் போட்டதால் வந்த வினை என்றார்கள். அதற்குமேல் யாரும் அதைக் கிண்டவில்லை, ஏனென்றால் அதற்குள் அலறல்கள் விழத் தொடங்கிவிட்டன.

முதல் அலறல் கண்காட்சி மண்டபத்தில், கணக்காளர்கள் மாநாட்டில், ஒருவர் வரி விலக்குப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் தலைக்கு மேலே விழுந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதுதான் அந்த உரையில் மிகத் தெளிவான பகுதி என்று பிறகு சொன்னார்களாம். இரண்டாவது சுறாத் தொட்டிக்குள் விழுந்தது, சுறாக்கள் பயந்து கல்லுக்குப் பின்னால் ஒளிந்தன. அருங்காட்சியகத்தில் ஒன்று விழுந்தபோது, வந்திருந்தவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அது எந்த நாட்டு அலறல் என்று எழுதியிருக்கிற அட்டையைச் சுவரில் தேடினார்கள். மழைக்காட்டுக் கிளி ஒன்று ஒரு வங்கி மேலாளரின் அலறலை அப்படியே பாடமாக்கிக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகள் வரும்போதெல்லாம் எடுத்துவிட்டது, அந்த மனிதர் வெட்கத்தில் வேறு பக்கத்துக்கு வீடு மாறிப்போனார்.

சுவீடன்காரருக்கு ஒரு விஷயம் பிடிபடாவிட்டால் அதற்கு வரிசை ஒன்று ஏற்படுத்திவிடுவார்கள், வரிசை வந்துவிட்டால் பயம் போய்விடும். பூங்கா வாசலில் இலக்கத் துண்டு கொடுக்கிற இயந்திரம் ஒன்று வைத்தார்கள், அலறலைத் தொலைத்தவர்கள் துண்டை எடுத்துக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். தெருவில் நீல நிறத்தில், திறந்த வாய் ஒன்றை வரைந்து, பலகை நட்டார்கள். வானொலியில் காலநிலை அறிக்கையோடு சேர்த்து, பிற்பகலில் மேற்குப் பக்கமாக ஆங்காங்கே அலறல் விழலாம் என்று வாசித்தார்கள். யாருடைய தலைக்கு மேலே விழுந்ததோ அவர் விழுந்த இடத்திலேயே காத்திருக்க வேண்டும், அலறலுக்குச் சொந்தக்காரர் வந்து நன்றி சொல்லி, கோப்பியும் கறுவாப்பட்டை மணக்கிற பணிஸ் ரொட்டியும் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு மரியாதை தானாகவே உண்டாயிற்று. அப்படிக் கோப்பி குடிக்கப் போய்க் காதலித்தவர்களும் உண்டு, கல்யாணமே கட்டியவர்களும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாத ஊரில் அது லேசான காரியமில்லை.

இத்தனை பேருக்கும் நல்லதாக முடிந்த அந்த விஷயம் ஒரு வீட்டில் மட்டும் முடியாமல் நின்றது, அது எங்கள் சிவகடாட்சத்தின் வீடு.

சிவகடாட்சம் அந்தப் பூங்காவில் சொக்லேட் சில்லுக்காரர். பெரிய மரச் சில்லு, அதில் இலக்கங்கள், சனம் இலக்கத்துக்குக் காசு கட்டும், சில்லைச் சுழற்றிவிட்டு அது நிற்கிற இலக்கத்தை உரத்துக் கூப்பிட வேண்டும், வென்றவருக்குத் தலையணை அளவில் ஒரு சொக்லேட். வேலையில் மனிதர் வெண்கலக் குரலில் கூப்பிடுவார், ஆற்றுக்கு அப்பால் நிற்கிறவர்கூடத் தன் இலக்கமோ என்று சட்டைப் பையைத் தடவுவார். ஆனால் வேலை முடிந்து மேலங்கியைக் கழற்றுகிறபோது குரலையும் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். வீட்டில் அவர் பேசுவது மூன்றே சங்கதி: தேத்தண்ணி வேண்டுமென்றால் "தேத்தண்ணி", எதற்கும் சம்மதமென்றால் "ம்", மூக்குக் கண்ணாடி காணாமல் போனால், இங்கே பாரும் என்கிற பொருளில், "இஞ்சேரும்". கட்டிய நாளிலிருந்து மனைவி சுகிர்தமலரை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளும் அப்படித்தான், அவளுக்கு அவர் "இஞ்சாருங்கோ". குடிவரவு அலுவலகத்தில் கணவர் பெயரைக் கேட்டபோது கடவுச்சீட்டை நீட்டினாளே தவிர, வாயால் சொல்லவில்லை. சுவீடன்காரர் சின்னன் பெரிசு எல்லாம் "சீவா, சீவா" என்று பெயர் சொல்லிக் கூப்பிடும்போது அவளுக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

பருவம் தொடங்குகிற நாளில் வேலைக்காரர் எல்லோரும் ஒருமுறை ரோலர் கோஸ்டரில் ஏறிப்பார்க்க வேண்டும் என்பது அந்தப் பூங்காவின் வழக்கம். சிவகடாட்சம் வருடா வருடம் இடுப்பு வலி, பல்லு வலி என்று ஏதாவது சொல்லித் தப்பிவிடுவார். அந்த வருடம், பூங்காவில் விருந்தினரைப் பார்த்துக்கொள்ளும் பெரிய பொறுப்பிலிருந்த குனில்லா, வெள்ளைத் தலையும் சிவப்புக் கம்பளிச் சட்டையுமாக வந்து, "சீவா, இந்த முறை எந்த வலியும் ஏற்றுக்கொள்ளப்படமாட்டாது" என்று சொல்லி அவர் கையைப் பிடித்து முதல் பெட்டியில் உட்கார வைத்துவிட்டாள். சுகிர்தமலர் கீழே அவருடைய சப்பாத்தையும் தன் கைப்பையையும் வைத்துக்கொண்டு நின்றாள். பெட்டி உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்றது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சொல்லக் கேள்வி, சிவகடாட்சம் அங்கே இரண்டு கையையும் தூக்கி, கீழே பார்த்து, கட்டி முப்பது வருடமாக வீட்டில் திறக்காத வாயைத் திறந்து என்னவோ கத்தினாராம். என்ன கத்தினார் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் மேலே தங்கிய முதல் குரல் அதுதான்.

மற்றவர்களுக்கு அலறல் மட்டும் போனது, பேச்சு மிஞ்சியது. இவருக்கு வேரோடு போய்விட்டது. சில்லடியில் அது அன்றைக்கே தெரிந்துவிட்டது, ஆனால் வீட்டில் அதைக் கண்டுபிடிக்கச் சில நாள் எடுத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தேத்தண்ணி கேட்காமலே கிடைத்தது, "ம்" என்பதற்குத் தலையாட்டினால் போதும். ஒரு காலையில் அவர் மூக்குக் கண்ணாடியைத் தானே தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து மேசையில் உட்கார்ந்தபோதுதான் சுகிர்தமலருக்குச் சுருக்கென்றது.

"என்னப்பா, கண்ணாடியை நீங்களே எடுத்தனீங்களோ?"

அவர் தலையாட்டினார்.

"வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையோ? சொல்லுங்கோவன்."

அவர் வாயைத் திறந்து காட்டினார். கொழுக்கட்டையும் இல்லை, குரலும் இல்லை.

வைத்தியர் பார்த்துவிட்டுத் தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை, காய்ச்சல் குளிசையும் தண்ணீரும் எடுங்கள் என்றார், அந்த நாட்டில் கால் முறிந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். என்ன கத்தினீர் என்று கேட்டவர்களுக்கு எல்லாம் சிவகடாட்சம் மேலே விரலைக் காட்டிக் கையை விரித்தார். சொல்லும் குரலோடு போய்விட்டது, அவருக்கே நினைவில்லை.

குனில்லா அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. சில்லை அவர் சுழற்ற, இலக்கத்தைக் கூப்பிடச் சுகிர்தமலர் வந்தாள், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள், அவளுக்கு அது விடுமுறைக் காலம். பள்ளிப் பிள்ளைகளை மீன் தின்ன வைத்துப் பழகிய தொண்டை அது, யாழ்ப்பாணத்து இழுவையில் அவள் சுவீடன் மொழி இலக்கங்களைக் கூப்பிட்டபோது, சொக்லேட் பிடிக்காதவர்கள்கூடக் கேட்பதற்காக வந்து நின்றார்கள். வெளியே பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் அவளுக்கு மனம் ஆறவில்லை. இத்தனை வருடமும் இந்த மனிதன் ஒரு வார்த்தை பேசமாட்டானா என்று குறைபட்டவள், இப்போது அந்த ஒற்றை "இஞ்சேரும்" கேட்காத வீட்டுக்குள் இருக்க முடியாமல் தவித்தாள். அவர் கண்ணாடியை வேண்டுமென்றே ஒளித்துவைத்துவிட்டு அடுப்படியில் காத்து நிற்பாள். அவர் பாவம், சத்தமில்லாமல் தேடிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் கோப்பி நேரத்தில் குனில்லாவிடம் அவள் அழுதுவிட்டாள்.

"எல்லாரின்ரை குரலும் வந்திட்டுது, குனில்லா. அவரின்ரை மட்டும் வரேல்லை. குளிர் வந்தால் மேலை நிக்கிறதெல்லாம் உறைஞ்சு பனியாத்தான் கொட்டுமாம், அதுக்குப் பிறகு ஆரின்ரை குரல் எண்டு அறிய ஏலாதாம்."

"அது டிராம் ஓட்டுகிறவர்கள் சொல்கிற கதை," என்றாள் குனில்லா. ஆனால் அவளும் அந்தக் கதையை நம்பித்தான் இருந்தாள்.

"இன்னொண்டும் இருக்கு. அவர் மேலை நிண்டு கத்தேக்கை நான் பாக்கேல்லை. பைக்குள்ளை குடை தேடிக்கொண்டு நிண்டனான்."

"மழை பெய்ததா?"

"இல்லை. பெய்யப்போற மாதிரி இருந்தது."

அந்த ஊரில் பிறந்து வளர்ந்த குனில்லாவுக்கு அது முழுதாக விளங்கியது. வேறு எந்த ஊர்க்காரருக்கும் அவ்வளவு விளங்கியிராது. கையிலிருந்த பணிஸில் பாதியைப் பிய்த்து அவளிடம் கொடுத்துவிட்டு, "அதை நாங்கள் கீழே இறக்குவோம்" என்றாள்.

பூங்காவில் கூட்டம் போட்டார்கள். தெருவில் சத்தம் அதிகம், இசைக் கச்சேரியும் ஹொக்கிக் கூச்சலுமாக இருந்தால் கூச்ச சுபாவமுள்ள ஒரு குரல் எப்படி இறங்கும், அதற்கு அமைதி வேண்டும் என்று முடிவாயிற்று. அமைதியில் அந்தச் சனத்தை யாராலும் வெல்ல முடியாது. பருவம் முடிந்து பூங்கா மூடுவதற்கு முந்திய ஞாயிறு மத்தியானம், தெரு முழுக்க எல்லாம் நிறுத்தி, ஒரு நிமிட மௌனம். அதற்கு ஒரு விளம்பரம் அடித்து, டிராம் தரிப்பிடங்களில் எல்லாம் ஒட்டினார்கள். நடுவிலே சிவகடாட்சத்தின் படம், அவர் சிரித்துக்கொண்டிருந்தார், பூங்காவின் தோட்டக்காரர் அன்பு மிகுதியால் படத்தைச் சுற்றி வெள்ளை லில்லிப் பூக்களை வைத்துப் படம் பிடித்திருந்தார், மேலே அவர் பெயர், கீழே "ஒரு நிமிட மௌனம்".

அதைப் பார்த்த தமிழன் வேறு என்ன நினைப்பான்?

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் தர்மகுலராசா சனிக்கிழமை டிராமில் போகும்போது அதைக் கண்டு, அடுத்த தரிப்பிடத்தில் குதித்து இறங்கி, தொலைபேசியை எடுத்தார். "சிவகடாட்சத்தார் மோசம் போயிட்டார். படத்தைச் சுத்திப் பூ வைச்சிருக்கு. ஞாயிற்றுக்கிழமையாம்." பின்னேரத்துக்குள் செய்தி ஸ்டொக்ஹோமுக்கும் ஒஸ்லோவுக்கும் போய், பாரிசில் தேத்தண்ணி குடித்து, ரொறொன்ரோவில் போய் உட்கார்ந்துகொண்டது. சுகிர்தமலரின் தொலைபேசி விடாமல் அடித்தது, அவள் சொக்லேட் சில்லடியில் அலறிக்கொண்டு நின்றதால் எடுக்கவில்லை. வீட்டுத் தொலைபேசியை, அன்று ஓய்வெடுத்து வீட்டிலிருந்த சிவகடாட்சம்தான் எடுத்தார். மறுமுனையில் ஆட்கள் அவருக்காக அவரிடமே அழுதார்கள், தான் சாகவில்லை என்று சொல்ல மனிதரிடம் குரலில்லை. அந்த மௌனத்தைக் கேட்டவர்கள், வீட்டுக்காரர் துக்கத்தில் பேச முடியாமல் இருக்கிறார்கள் என்று சொல்லி இன்னும் அழுதார்கள்.

ஞாயிறு மத்தியானம் வந்தது. அப்படி ஒரு அமைதியை அந்தத் தெரு கண்டதில்லை. ராட்டினம் நின்றது, ரோலர் கோஸ்டர் நின்றது, டிராம்கள் வரிசையாக நின்றன, கண்காட்சி மண்டபத்தில் குதிரைகளின் கழுத்து மணிகளைத் துணியால் சுற்றியிருந்தார்கள், மழைக்காட்டுக் கிளியின் கூட்டை யாரோ போர்வையால் மூடியிருந்தார்கள். பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சிவகடாட்சம் தன் சில்லுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டை போட்டு, மாப்பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், சுகிர்தமலர் அவருக்குப் பக்கத்தில். மெல்ல மெல்ல, உச்சித் தண்டவாளத்தில் என்னவோ அசைகிற மாதிரி இருந்தது. குனில்லா கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் பூங்கா வாசலால் எங்கள் ஆட்கள் வந்தார்கள்.

வெள்ளைச் சேலைகளும் கறுப்புக் கோட்டுகளுமாக, இடியப்பப் பெட்டிகளையும் சாம்பார் வாளிகளையும் தூக்கிக்கொண்டு, துக்க வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்று சமைத்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். முன்னுக்கு வந்தவள் சரோஜாதேவி மாமி. மௌனம் என்பது அவளைப் பொறுத்தவரையில் செத்தவருக்குச் செய்கிற அவமரியாதை, அழ ஆளில்லாத அநாதைக்குத்தான் ஊர் சும்மா நிற்கும். அத்தனை சனமும் வாய்பொத்தி நிற்பதைக் கண்டதும் அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"ஐயோ என்ரை ராசா! வாய் திறந்து ஒரு சொல்லுச் சொல்லாத மனிசனெல்லோ! இந்தக் குளிருக்கை எங்களை விட்டிட்டுப் போனியோ!"

அவள் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள், டிராம்கள் தாண்டி, அருங்காட்சியகம் தாண்டி, ஆற்றுக்கு அப்பாலும் அது கேட்டது. அழுதுகொண்டே வந்த மாமி சில்லடிக்கு வந்து மூக்கைத் துடைத்து நிமிர்ந்தாள்.

"ஆள் நிக்குது!" என்றாள்.

அழுகை அப்படியே நின்றது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அவர் மேல் விழுந்து, தோளிலும் முதுகிலும் அடித்தார்கள். "உயிரோடை நிண்டுகொண்டு எங்களை அழ விட்டனீரோ? எவ்வளவு இடியப்பம் அவிச்சனாங்கள் தெரியுமோ?" தர்மகுலராசா வெட்கத்தில் தொலைபேசியை எடுத்து ரொறொன்ரோவுக்கு மறுப்புச் செய்தி அனுப்பத் தொடங்கினார். குனில்லா கண்ணைத் திறந்து மேலே பார்த்தாள். உச்சியில் அசைந்தது இப்போது அசையவில்லை. கூச்சப்பட்ட குரல் இன்னும் ஒரு முழம் மேலே போயிருக்கும்.

சுகிர்தமலருக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அவள் ஒரு பக்கம் வாய்மூடி நிற்கிற சுவீடன்காரரைப் பார்த்தாள், மறுபக்கம் இடியப்பத்தோடு நிற்கிற எங்களைப் பார்த்தாள்.

"நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டும் வரேல்லை, நீங்கள் குழறி அழுதும் வரேல்லை," என்று தமிழில் கத்திவிட்டு, அதையே சுவீடன் மொழியிலும் கத்தினாள். "ஆரும் ஒரு ஆள் அவரைக் கூப்பிட்டுப் பாத்தனீங்களோ?"

உண்மைதான், அத்தனை மாதமும் எல்லோரும் இலக்கத் துண்டோடு காத்திருந்தார்களே தவிர, மேலே பார்த்து ஒருவரும் கூப்பிடவில்லை. காத்திருப்பதற்கு அவர்களைப் போலவும், அழுவதற்கு எங்களைப் போலவும் ஆளில்லை, கூப்பிடுவதற்கு மட்டும் இரண்டு பக்கத்திலும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவள் சில்லுக்கு முன்னால் வந்து நின்றாள். கைப்பையைக் கீழே வைத்தாள். "இஞ்சாருங்கோ" என்று தொடங்கி நிறுத்தினாள். உலகத்தில் எத்தனை இஞ்சாருங்கோ, அந்த உயரத்தில் நிற்கிற குரலுக்கு அது தன்னைத்தான் என்று எப்படித் தெரியும்? அவள் என்ன செய்யப்போகிறாள் என்று விளங்கிக்கொண்ட சரோஜாதேவி மாமி வாயில் கையை வைத்தாள். சுகிர்தமலர் முகம் சிவந்து, கண்ணை அந்த உச்சியிலிருந்து எடுக்காமல், பள்ளிப் பிள்ளைகளை மீன் தின்ன வைத்த தொண்டையில், தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் கூப்பிட்டாள்.

"சிவகடாட்சம்!"

சிவகடாட்சம் நின்ற இடத்தில் திடுக்கிட்டார். தண்டவாளம் அதிர்ந்தது, ராட்டினத்தின் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டின, போர்வைக்குள் கிளி முழித்துக்கொண்டது. பிறகு உச்சியிலிருந்து, வெண்கல மணி உருண்டு வருகிற மாதிரி, வளைவுக்கு வளைவு சுற்றி, ஒரு கோடைகாலம் முழுக்க மேலே நின்ற அந்தக் குரல் இறங்கி வந்தது, ஆறும் தெருவும் கேட்க, தமிழிலே, முப்பது வருடம் மூன்று சொல்லோடு குடும்பம் நடத்திய மனிதனின் முழுச் சந்தோஷத்தோடு வந்தது.

"இஞ்சேரும்! என்னைப் பாக்கிறீரோ!"

அவ்வளவுதான் அவர் கத்தியது.

சுகிர்தமலர் அழுதாள், சிரித்தாள், மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள், ஆனால் கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

"ஓம்," என்று மேலே பார்த்துக் கத்தினாள். "பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்!"

என்ன சொன்னார்கள் என்று ஒரு சொல்லும் விளங்காத சுவீடன்காரர் கை தட்டினார்கள், குதிரை மணிகளை யாரோ அவிழ்த்துவிட்டார்கள், கிளி புதிதாக ஒரு தமிழ்ச் சொல்லைச் சொல்லிப் பார்த்தது. குனில்லாவின் கையில் மாமி ஒரு இடியப்பப் பெட்டியைத் திணித்தாள், சமைத்ததைத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்று அன்று அந்தத் தெருவில் நின்ற எல்லோருக்கும் கட்டாயப்படுத்திப் பரிமாறினார்கள், இன்றைக்கும் பூங்கா மூடுகிற கிழமையில் சொக்லேட் சில்லடியில் இடியப்பம் கிடைக்கும், போனால் கேட்டுப் பாருங்கள்.

அந்தச் சந்தடிக்குள் சிவகடாட்சம் தொண்டையைச் செருமினார். குரல் இருந்தது. சில்லுக்காரக் குரல் அல்ல, வீட்டுக் குரல். மனைவியின் பக்கம் சாய்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"இஞ்சேரும், அண்டைக்குக் குடை கிடைச்சுதோ?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, கைப்பையைத் திறந்து, அந்தக் குடையை எடுத்து, ஒரு துளி மழையும் இல்லாத அந்த வெயிலில் அவர் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தாள்.